ஏழரை மணி மாத்திரை

காலை நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன். பல் தேய்த்து, பால் காய்ச்சி, காப்பி கலந்து, அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றபடியே குடிக்கிறேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். நீலச் சட்டை, நீலக் கால்சட்டை, வழுக்காத செருப்பு. ஐந்து இருபதுக்குப் பேருந்து. ஐந்து ஐம்பதுக்கு முதியோர் இல்லத்தின் பின்வாசலில் கையெழுத்து. இரவுப் பணி முடித்த சிஸ்டர் சாவிக்கொத்தை என் கையில் போட்டு, "ராத்திரி ஒண்ணும் இல்ல, பிரதர்" என்பார். ஏதாவது இருந்தால் எந்தக் கட்டில் என்பதை மட்டும் சொல்வார்.

ஆறேகாலுக்கு மாத்திரை வண்டியைத் திறக்கிறேன். இரண்டாம் மாடியில் இருபத்தாறு பேர். இருபத்தாறு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு புகைப்படம், ஒரு வண்ணப் பொட்டு. பச்சை என்றால் மாத்திரையை முழுதாக விழுங்குபவர். மஞ்சள் என்றால் பொடித்துக் கூழில் கலந்து தர வேண்டும். சிவப்பு என்றால் தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் தர வேண்டும். பச்சை பதினாறு, மஞ்சள் ஏழு, சிவப்பு மூன்று. பச்சை மஞ்சளாகும். மஞ்சள் சிவப்பாகும். திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

விழுங்க முடியாதவருக்கு மாத்திரை கொடுக்க ஒரு முறை இருக்கிறது. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் இறக்கச் சொல்ல வேண்டும். அரைக் கரண்டி. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 'ஆ' சொல்லச் சொல்ல வேண்டும். குரலில் ஈரம் கேட்டால் இறங்கவில்லை, குரல்வளையில் நிற்கிறது என்று அர்த்தம். நாக்குக்கு அடியில் பார்க்க வேண்டும். கன்னத்துக்குள் பார்க்க வேண்டும். கடைசியில் படிவத்தில் கையெழுத்து.

படிவத்தில் நேரம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். காலை மருந்துக்கு 7.30. இருபத்தாறு பேருக்கும் 7.30. அப்படிக் கொடுக்க இருபத்தாறு நர்ஸ் வேண்டும். இருப்பது நான் ஒருவன். அதனால் ஒரு மணி நேரம் முன்பின் ஆகலாம் என்று விதி. அதற்குள்ளும் அடங்காது; ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடிப்பேன். எல்லாக் கட்டத்திலும் 7.30 என்பதற்கு எதிரே கையெழுத்துப் போடுவேன். நான் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான்.

அந்த மூன்று சிவப்பில் ஒன்று என் மாமியார்.

அத்தை முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். குரல்தான் அவருக்குச் சொத்து. பார்க்கின்சன் நோய் வந்ததும் முதலில் போனது குரல். கை நடுக்கமெல்லாம் பிறகு. "ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தேன். இப்ப என் லைன்லயே கோளாறு" என்பார். காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அந்த நகைச்சுவை கிடைக்கும்.

என் மனைவி இருந்தவரை அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். மாத்திரைக்கென்றே ஒரு அலாரம் வைத்திருந்தாள் அவள். ஏழரை, பதினொன்றரை, மூன்றரை, ஏழரை. ஒரு நிமிடம் பிந்தவிட மாட்டாள்.

"எங்க இல்லத்துலயே இவ்வளவு கணக்குப் பாக்க மாட்டோம்" என்று ஒரு தடவை சொன்னேன்.

"அதான் உங்க இல்லத்துல ஆள் தேற மாட்டேங்குது" என்றாள்.

அவள் சொன்னது சரி. இந்த மாத்திரை மற்ற மாத்திரை மாதிரி இல்லை. ரத்த அழுத்த மாத்திரை இரண்டு மணி நேரம் பிந்தினால் உடம்புக்குத் தெரியாது. இது உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தசைகள் இளகும். கை இளகும், கால் இளகும், தொண்டை இளகும். அதற்கு முன்னால் சாப்பாடு கொடுத்தால் கல்லுக்குக் கொடுத்த மாதிரி. இதை நான் நான்கு வருஷம் கல்லூரியில் படித்தேன். அவள் ஒரு அலாரத்தை வைத்துக்கொண்டு செய்தாள்.

காய்ச்சல் என்று படுத்தவள் நாலாவது நாள் இல்லை. பதினாறு மாதம் ஆகிறது. அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அத்தையின் ஒரே மகன், என் மச்சான், விமானத்தில் ஒன்பது மணி நேரத் தூரத்தில் இருக்கிறார். "மாப்ள, நீங்க வேலை பாக்குற எடத்துலயே இடம் இருந்தா பாருங்களேன். உங்க கண் பார்வையிலயே இருந்த மாதிரி இருக்கும்" என்றார். இருந்தது. இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

முதல் மாதம் அத்தைக்கு நேரம் தவறாமல் கொடுத்தேன். மற்றவர்களுக்கு ஏழு மணிக்குத் தொடங்குவேன். ஏழு இருபத்தைந்துக்கு வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஜன்னலோரத்துக்கு நடப்பேன். ஏழரைக்கு மாத்திரை. எட்டேகாலுக்கு ஓட்ஸ் கஞ்சி வரும்போது அத்தை தானே கையில் கரண்டியைப் பிடித்திருப்பார்.

"என்ன மாப்ளே, ஏழரை வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அத்தை."

"எனக்கு ஏழரை ஒண்ணும் புதுசில்ல. உங்க மாமாவைக் கட்டின நாள்ல இருந்து அதான்."

எதிர்க் கட்டில் அம்மாவை எல்லாரும் ஜட்ஜம்மா என்பார்கள். கோர்ட் வாசலைக்கூட மிதித்தவரில்லை. தையல் கடை வைத்திருந்தவர். ஆனால் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு நாள் போகாது. அவர் கவனித்துவிட்டார்.

"ஏன் தம்பி, வண்டியை என் கட்டில் வரைக்கும் கொண்டுவந்துட்டு நீ மட்டும் அந்தப் பக்கம் திரும்புறியே, அங்க என்ன, ரோடு நல்லா இருக்கா?"

"அவங்களுக்கு நேரத்துக்குக் குடுக்கணும்மா. மருந்து அப்படி."

"எங்க மருந்தெல்லாம் சும்மா வாய் இனிக்கவா? நாங்கல்லாம் இங்க என்ன ஓசியிலயா படுத்திருக்கோம்? மாமியாருக்குன்னா கால்ல சக்கரம் கட்டிக்குது."

பக்கத்து அறையிலிருந்து போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். உண்மையாகவே போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். "விடுங்க ஜட்ஜம்மா. அவங்களுக்கு எக்ஸ்பிரஸ் தபால். நமக்கெல்லாம் சாதா."

அதற்குப் பிறகு 'எக்ஸ்பிரஸ் தபால்' என்பது வழக்கமாகிவிட்டது. நான் ஜன்னலோரம் நடந்தால் யாராவது ஒருவர் சொல்வார். ஆயாம்மா, அதாவது சாப்பாடு ஊட்டும் அம்மா, அவரும் சொல்ல ஆரம்பித்தார். கேலிதான். யாரும் விஷத்தோடு சொல்லவில்லை. அத்தை கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். அவருக்குக் குரல் போனதே தவிர காது போகவில்லை.

ஒரு நாள் மேட்ரன் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். ஜட்ஜம்மாவின் மகள் எழுதிய புகார்.

"இது ஒண்ணும் பெரிசில்ல, பிரதர். ஆனா சொந்தக்காரங்களை இங்க சேர்த்தா இந்தப் பேச்சு வரும்னு நான் அப்பவே சொன்னேன். பாத்து நடந்துக்கோ."

பார்த்து நடந்துகொள் என்றால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். இந்த மருந்தைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தால் மேட்ரனே ஒரு உத்தரவு எழுதி வண்டியில் ஒட்டியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். எனக்கு முகம் சூடாக இருந்தது. "சரி மேடம்" என்று சொல்லி வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து அத்தையைக் கடைசிக்கு மாற்றினேன்.

நடுவில் வைத்திருக்கலாம். எட்டு மணிக்குக் கொடுத்திருந்தால்கூடப் பாதி பலன் இருந்திருக்கும். நடுவில் வைத்தால் யாருக்கும் எதுவும் புரியாது. கடைசியில் வைத்தால்தான் தெரியும். ஜட்ஜம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று வைத்தேன். வண்டி எல்லாக் கட்டிலையும் சுற்றிவிட்டு, ஒன்பதேகாலுக்கு ஜன்னலோரம் போய் நின்றது.

"அட, தபால் ரூட்டை மாத்திட்டாங்க போலிருக்கே" என்றார் ஜட்ஜம்மா. பிறகு கேலி நின்றது. இரண்டு நாளில் என்னிடம் தன் பேரனின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வார்டு முழுக்க என்னை நல்ல பையன் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் என்னிடம் பேச ஒருவரும் இல்லாத காலம் அது.

படிவத்தில் 7.30க்கு எதிரே கையெழுத்துப் போட்டேன்.

அத்தை எதுவும் கேட்கவில்லை. எட்டேகாலுக்கு மாத்திரை இல்லாமலே கஞ்சி வந்தது. கை எழவில்லை. ஆயாம்மா ஊட்டினார். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இருமல் வந்தது. மூன்று வாரத்தில் நாலு கிலோ குறைந்தார். ஒன்பதேகாலுக்கு நான் போகும்போது மேலுதட்டில் கஞ்சி காய்ந்திருக்கும். துடைத்துவிட்டு மாத்திரையைக் கூழில் வைத்துக் கொடுப்பேன். பத்தேகாலுக்கு மேல் கை இளகி, பேப்பர் புரட்டுவார். அப்போது பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நான் அப்போது பார்த்தேன்.

விழுங்குவதைச் சோதிக்க மாதம் ஒரு முறை ஒரு பெண் வருவார். பேச்சுப் பயிற்சியாளர். சின்ன வயது, என்னைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கும். பையில் கழுத்தில் வைத்துக் கேட்கும் கருவியும் ஒரு டஜன் கரண்டியும் இருக்கும். முதல் மாதங்களில் பதினொன்றுக்குத்தான் வந்தார். ஐந்தாம் மாதம் அத்தையை எட்டரைக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை சோதித்தார்.

"பிரதர், பதினோரு மணிக்கு நல்லா விழுங்குறாங்க. எட்டரைக்கு ஒண்ணுமே முடியல. மாத்திரை எத்தனை மணிக்கு?"

"ஏழரை."

"ஏழரைக்குக் குடுத்தா எட்டரைக்கு நல்லா இருக்கணுமே."

நான் படிவத்தை நீட்டினேன். முப்பது நாளும் 7.30. அவர் விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

"அப்ப மருந்து வேலை செய்யல" என்று எழுதினார். டாக்டர் அதைப் படித்து மாத்திரையை ஒன்றரை மடங்காக்கினார்.

கூட்டிய நாலாம் நாள், பத்தரை மணிக்கு, அத்தை என்னைக் கண்ணால் கூப்பிட்டார். காதைக் கொண்டுபோனேன்.

"சின்னவ வந்திருக்கா. ஒரு சேர் எடுத்துப் போடுங்க மாப்ளே. எவ்வளவு நேரம் நிப்பா."

சின்னவள் என்றால் என் மனைவி. வீட்டில் மச்சான் பெரியவன், இவள் சின்னவள்.

மருந்து கூடினால் இப்படி உருவங்கள் தெரியும். பாடத்தில் இருக்கிறது. உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், படிவத்தின் பின்பக்கம் எழுத வேண்டும். நான் போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து போட்டேன்.

"என்ன பண்றா அத்தை?"

"சும்மா நிக்கிறா. தலையை இன்னும் துவட்டல பாருங்க."

எனக்கு ஜன்னல் திரை மட்டும் தெரிந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு அலைவது அவள் பழக்கம். சட்டையின் முதுகு நனைந்திருக்கும்.

ஒன்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நாளும் பத்தரைக்கு அந்தக் கட்டிலுக்குப் போனேன். "வந்தாளா?" என்று கேட்டேன். சில நாள் "இல்லையே" என்பார். சில நாள் உட்கார்ந்திருக்கிறாள் என்பார். "ஏதாச்சும் சொன்னாளா?" என்று ஒரு நாள் கேட்டேன். "சொல்லல. உங்களைப் பாத்துட்டே இருக்கா" என்றார். மாடிப்படிக்கு அடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அழவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தேன்.

பத்தாம் நாள் ஆயாம்மாதான் சொன்னார், மருந்து கூட்டிய பலனைப் பார்க்க வந்த பேச்சுப் பயிற்சியாளரிடம். "அந்தம்மா காலிச் சேர்கிட்டப் பேசுறாங்க. பிரதர்தான் சேர் போட்டுக் குடுத்தாரு."

அந்தப் பெண் என்னை நடைபாதைக்குக் கூட்டிப்போனார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. நெஜமாவே ஏழரைக்குத்தான் குடுக்குறீங்களா?"

"ஆமா."

"இல்ல... மருந்து வேலை செய்யலன்னு எழுதினது நான். அதான் கேக்குறேன்."

"ஏழரைதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. மருந்தைப் பழைய அளவுக்குக் குறைக்கச் சொல்லி டாக்டருக்கு எழுதிவிட்டுப் போனார். நாற்காலியை நான் நடைபாதையில் கொண்டுபோய் வைத்தேன்.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலை எட்டேகாலுக்குக் கஞ்சி வந்தது. அத்தைக்கு அப்போதும் மாத்திரை போயிருக்கவில்லை. ஆயாம்மா மூன்றாவது கரண்டி கொடுக்கும்போது இருமல் வந்தது. நாலாவது கரண்டிக்கு இருமல் வரவில்லை. இருமல் வந்தால் பயப்பட வேண்டியதில்லை, வராவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்பது ஆயாம்மாவுக்குத் தெரியாது. முகம் நீலமான பிறகுதான் கத்தினார். நான் போஸ்ட்மாஸ்டர் கட்டிலருகே அவருடைய மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் அத்தையை முன்னால் சாய்த்து முதுகில் அடித்தேன். உறிஞ்சும் குழாயைப் போட்டேன். மூச்சு வந்தது. அதற்குள் கஞ்சி நெஞ்சுக்குள் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நுரையீரல் காய்ச்சல். வாயில் குழாய். மச்சான் மூன்றாம் நாள் வந்து இறங்கினார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக உள்ளே போனார். அத்தை கண்ணைத் திறந்து பார்த்தார். பேச வழியில்லை. ஐந்தாம் நாள் மதியம் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரி வாசற்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மச்சான் என் முழங்காலில் கை வைத்தார்.

"மாப்ள, சொந்தப் புள்ள நான் செய்யாததை நீங்க செஞ்சிருக்கீங்க. சின்னவ போன பெறகு உங்களுக்கு என்ன தலையெழுத்து, எங்கம்மாவைப் பாக்கணும்னு. தினம் உங்க கையால மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. எனக்கு அது போதும்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா மாப்ள? குழாய் போடுறதுக்கு முன்னாடி?"

அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்களைத்தான் கேட்டாங்க மச்சான். பெரியவன் சாப்பிட்டானான்னு கேட்டாங்க."

எந்த அம்மாவும் கேட்கக்கூடியது. அதனால் சுலபமாக வந்தது. அவர் படியிலேயே குனிந்து, தோள் குலுங்க அழுதார். நான் அவர் முதுகைத் தடவினேன். ஒரு வாரம் இருந்துவிட்டு ஊருக்குப் போனார்.

பத்து நாள் கழித்து மேட்ரனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அத்தையைக் கடைசிக்கு மாற்றியது, ஒன்பதேகால், ஐந்து மாதப் படிவம், உருவங்களைச் சொல்லாமல் மறைத்தது. ஒன்றரைப் பக்கம். அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன். 'அன்றும் உரிய நேரத்தில் மருந்து தரப்படவில்லை.'

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். மறுபடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அன்னைக்கு என் ரூம்ல இதைச் சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

தாளை இரண்டாக மடித்தார்.

"இதை நான் மேலே அனுப்பணும். அனுப்பினா உன் வேலை நிக்காது. அதை நீ தெரிஞ்சுதான் எழுதியிருக்கே. அவங்க பையனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இது என்ன லெட்டர்? முதல்ல அவருக்குச் சொல்லு. பெத்தவளைப் பறிகுடுத்தவன் ஆபீஸ் கவர்லயா தெரிஞ்சுக்கணும்? சொல்லிட்டு வா, வாங்கிக்கிறேன்."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் சட்டைப் பையில் இருந்தது. தினமும் காலையில் அழுக்குச் சட்டையிலிருந்து எடுத்துச் சலவைச் சட்டைக்கு மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சானே போன் செய்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, சாப்டாச்சா? ஒரு விஷயம். அம்மா போட்டோவைப் பெரிசு பண்ணக் குடுத்திருக்கேன். எக்ஸ்சேஞ்சுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு இருப்பாங்களே, அது. கீழ ஒரு வரி போடலாம்னு இருக்கேன். அம்மா சொன்னதையே. 'பெரியவன் சாப்பிட்டானா?' அவ்வளவுதான், வேற எதுவும் வேணாம். என் பொண்ணு நல்லா இருக்குங்குறா. நீங்க என்ன சொல்றீங்க?"

"எப்பக் குடுக்கணும்?"

"நாளைக்குப் பிரிண்ட் போட்டுடுவான்."

அவர் வீட்டுச் சுவரில் அது மாட்டப்படும். அவர் மகள் பார்த்து வளர்வாள். நான் எப்போதாவது போனால் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"அதைப் போடாதீங்க மச்சான்" என்றேன்.

"ஏன், ரொம்ப வீட்டுப் பேச்சா இருக்கோ?"

"அத்தை அதைச் சொல்லல. நான் சொன்னது."

அடுப்பை அணைத்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தில் எழுதிய வரிசையிலேயே சொன்னேன். ஜட்ஜம்மா, எக்ஸ்பிரஸ் தபால், மேட்ரன், ஒன்பதேகால். படிவம். நாற்காலி. லைன் அறுந்துவிட்டதா என்று இரண்டு தடவை நிறுத்தினேன். மூச்சுக் கேட்டது. தொடர்ந்தேன்.

முடித்த பிறகு அவர், "அஞ்சு மாசம்" என்றார்.

"ஆமா."

"நர்ஸ்தானே நீ?" முதல் முறையாக என்னை நீ என்றார். "நாலு வருஷம் இதைத்தானே படிச்சே? என் தங்கச்சி ஒரு கடியாரத்தை வெச்சுக்கிட்டு செஞ்சாளேடா."

"ஆமா."

"ஒரு கிழவி நக்கலடிச்சான்னு... அவ என்ன உனக்கு மாமியாரா? யாருக்கு நல்ல பேர் வாங்கினே நீ?"

வடித்த சோற்றை மூடி வைத்தேன்.

"நான் தூரத்துல இருந்தேன். சரி. எனக்கு அதுக்குக் கணக்கு இருக்கு, நான் பாத்துக்கிறேன். நீ பக்கத்துலயே இருந்தியேடா. கூப்பிடு தூரம். வண்டியைத் தள்ளிட்டுப் போறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

போனை எங்கோ வைத்தார். யாரோ பெண் குரல் என்ன ஆச்சு என்று கேட்டது. கதவு சாத்தும் சத்தம். நான் காத்திருந்தேன். வைத்துவிடலாம் என்று தோன்றவில்லை. கஞ்சித் தண்ணீர் தொட்டியில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்ப வந்தார்.

"கடைசி நாளும் அப்படித்தானா? ஒம்பதேகாலுக்குன்னுதான் விட்டுவெச்சியா?"

கடிதத்தில் இல்லாதது இதுதான்.

"இல்ல மச்சான். அன்னைக்கு ஏழு இருபத்தஞ்சுக்கே போனேன்."

"என்ன?"

"முந்தின நாள் அந்தப் பொண்ணு கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. காலைல வண்டியை அப்படியே விட்டுட்டு நேரா அத்தைகிட்டதான் போனேன். நிமிர்த்தி உக்கார வெச்சேன். மாத்திரையைக் கூழ்ல வெச்சுக் கரண்டில எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"பின்னாடி ஜட்ஜம்மா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. ஒண்ணும் பேசல. அன்னைக்கு அவங்க ஒரு வார்த்தை பேசல. சும்மா பாத்துட்டு நின்னாங்க. அத்தை என் தோளுக்கு மேல அவங்களைப் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்தாங்க. காதைக் கொண்டுபோனேன்."

"அம்மா பேசினாங்களா?"

"பேசினாங்க. நான் கரண்டியைக் கீழ வெச்சுட்டு வண்டிக்குத் திரும்பிப் போயிட்டேன்."

"போயிட்டியா?"

"போயிட்டேன். அவங்க சொல்றாங்களே, நம்ம என்ன பண்றதுன்னு ஒரு சாக்கு. நெஜத்துல எனக்கு நிம்மதியா இருந்துச்சு மச்சான். நான் கேக்காமலே அவங்களே வாயால விட்டுக் குடுத்துட்டாங்கன்னு. அதைத்தான் எங்கயும் எழுத முடியல."

பிறகு மச்சான் மூக்கை உறிஞ்சினார். தாழ்ந்த குரலில், பழையபடி நீங்க என்றே பேசினார்.

"என்ன சொன்னாங்க, மாப்ள? இந்தத் தடவை அம்மா சொன்னதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.

"அவங்களுக்கெல்லாம் குடுத்துட்டே வாங்க மாப்ளே. நான் எங்க போயிடப் போறேன்."